டை-இன் நாவலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி?

ஸ்டார் வார்ஸ், ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூ, வார்ஹாமர் 40,000 என்று ஏற்கெனவே படமாகவோ தொடராகவோ விளையாட்டாகவோ இருக்கும் ஓர் உலகத்துக்குள், அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி எழுதப்படும் நாவல்களை டை-இன் என்கிறோம். இவற்றுக்கு வரும் மதிப்புரைகளில் பாதி 'செம, த்ரான் வந்துட்டார்' ரகம் (த்ரான் ஸ்டார் வார்ஸ் நாவல்களின் பேர்பெற்ற வில்லன்). மீதி 'படத்தை வைத்துக் காசு பார்க்கிறார்கள்' ரகம். இரண்டையும் எழுதுவதற்குப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்.

திறந்து படித்துவிட்டு எழுத நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. இங்கே நீங்கள் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் எழுத்தாளர் கையில் இருந்தது எது, இல்லாதது எது?

சாதாரண நாவலில் எல்லாமே எழுத்தாளர் பொறுப்பு. டை-இன்னில் அப்படி இல்லை. வழக்கமாக எழுத்தாளர் முதலில் கதைச்சுருக்கம் கொடுப்பார். உரிமையாளர் தரப்பு அதைத் திருத்தி ஒப்புதல் தந்த பிறகே நாவல் எழுதப்படும். எழுதி முடித்த பிரதியும் மறுபடி அவர்கள் மேசைக்குப் போகும். காப்புரிமையும் பெரும்பாலும் அவர்களுடையதே. 1999-இல் வந்த 'வெக்டர் பிரைம்' என்ற ஸ்டார் வார்ஸ் நாவலில், நாயகர்களில் ஒருவரான ஹான் சோலோவின் கூட்டாளி சூபாக்கா செத்துப்போனதும், எழுதிய ஆர்.ஏ. சால்வடோர் மேல் ரசிகர்கள் பாய்ந்தார்கள். சூபாக்கா சாக வேண்டும் என்பது பதிப்பகமும் உரிமையாளரான லூகாஸ்ஃபிலிமும் சேர்ந்து எடுத்த முடிவு. சால்வடோர் செய்தது அதை எழுதியது. ஒரு நிலா கோளின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. சூபாக்கா கீழே நிற்கும்போதே கப்பலைக் கிளப்புவது ஹான் சோலோவின் இளைய மகன். அதனால் அந்தச் சாவு அங்கேயே முடியாமல் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மதிப்புரை எடைபோட வேண்டியது இந்த மாதிரி இடங்களைத்தான். 'ஏன் கொன்றார்கள்' என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்பதை உரிமையாளரைப் பார்த்துக் கேளுங்கள்.

முதலில், கையில் இருப்பது எந்த வகை?

அட்டையை நம்ப வேண்டாம். உள்ளே முதல் நாலைந்து பக்கங்களைப் புரட்டுங்கள். 'இன்னாரின் திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டது' என்று தலைப்புப் பக்கத்தில் இருந்தால் அது நாவலாக்கம். இல்லையென்றால் அந்த உலகத்தில் நடக்கும் புதுக்கதை. புதுக்கதையிலேயே இரண்டு படங்களுக்கு நடுவில் விட்டுப்போன காலத்தை நிரப்பும் பாலக் கதை ஒரு தனி ரகம். அதற்குத் தொடக்கமும் முடிவும் முன்னமே தெரியும் என்பதால் வேறு அளவுகோல் வேண்டும்.

நாவலாக்கத்தில் புதியவர்கள் அதிகம் சறுக்குவது 'படத்தில் இப்படி இல்லையே' என்ற இடத்தில். முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1977 மே மாதம் வெளியானது. அதன் நாவல் 1976 இறுதியிலேயே கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர், எழுதியது ஆலன் டீன் ஃபாஸ்டர். அந்த நாவலில் நாயகன் லூக் இருப்பது நீல விமான அணி. படத்தில் சிவப்பு அணி. இது ஃபாஸ்டர் செய்த பிழை இல்லை. திரைக்கதையில் நீலம்தான் இருந்தது. நீலத் திரைக்கு முன்னால் மாதிரி விமானங்களைப் படம்பிடிக்கும்போது நீலப் பட்டைகள் திரையோடு கரைந்துபோகும் என்பதால் சிவப்பாக்கினார்கள். லூக்கின் நண்பன் பிக்ஸ் வரும் தொடக்கக் காட்சிகளும் நாவலில் இருக்கின்றன, படத்தொகுப்பில் போய்விட்டன.

ஆகவே நாவலாக்கம் கையில் கிடைத்தால் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: படம் வந்த தேதி, புத்தகம் வந்த தேதி. புத்தகம் முன்னால் வந்திருந்தால் வேறுபாடுகளுக்குக் காரணம் பெரும்பாலும் பழைய திரைக்கதை வடிவம். பின்னால் வந்திருந்தால் கதை வேறு. 'தி லாஸ்ட் ஜெடை' படம் 2017 டிசம்பரில் வந்தது, நாவல் 2018 மார்ச்சில். விரிவான பதிப்பு என்று சொல்லியே விற்றார்கள். அதில் கூடுதலாக இருப்பவை தெரிந்தே சேர்த்தவை. அவை படத்துக்கு எதையாவது கூட்டுகின்றனவா, சும்மா இடத்தை அடைக்கின்றனவா என்று தாராளமாகக் கேட்கலாம்.

கேனன் எது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்

கேனன், அதாவது 'இது அந்த உலகத்தில் உண்மையாகவே நடந்தது' என்று உரிமையாளர் ஏற்றுக்கொள்ளும் கதைத் தொகுப்பு, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. இது தெரியாமல் எழுதினால் முதல் பத்தியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்டார் வார்ஸில் கோடு தெளிவாகவே கிழிக்கப்பட்டிருக்கிறது. டிஸ்னி 2012-இல் லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரல் 25 அன்று, அதுவரை வந்த நாவல்கள் எல்லாம் இனி 'லெஜண்ட்ஸ்', அதாவது கேனனுக்கு வெளியே, என்று அறிவித்தார்கள். பழைய புத்தகங்களின் மறுபதிப்புகளில் அந்தச் சொல் அட்டையிலேயே பட்டையாக இருக்கும். 2014 செப்டம்பரில் வந்த 'எ நியூ டான்' முதல் வந்த பெரியவர்களுக்கான நாவல்கள் புதிய கேனன். குழப்பம் வருவது த்ரான் மாதிரியான பாத்திரங்களில். டிமோதி ஸான் 1991-இல் படைத்த அந்த அட்மிரல் 2014-இல் லெஜண்ட்ஸுக்குப் போனார். 2016-இல் 'ரெபெல்ஸ்' அனிமேஷன் தொடர் வழியாகத் திரும்பி வந்தார். 2017-இல் அதே ஸான் அவருக்குப் புதுக் கேனனில் நாவல் எழுதினார். பாத்திரம் ஒன்று, எழுத்தாளர் ஒருவர், கதைத் தொடர்ச்சி இரண்டு. 1991 நாவலில் நடந்ததை 2017 நாவல் 'மறந்துவிட்டது' என்று எழுதினால் வாசகர்கள் விடமாட்டார்கள்.

ஸ்டார் ட்ரெக்கில் விதி சுருக்கம்: திரையில் வந்ததுதான் கேனன். நாவல்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியேதான். ஆனால் நல்ல சரக்கு சில சமயம் உள்ளே நுழைந்துவிடும். கப்பலோட்டி சுலுவுக்கு ஹிகாரு என்ற முதற்பெயரை வைத்தது வோண்டா மெக்கின்டயரின் 1981 நாவல். பத்து வருடம் கழித்து 1991 படத்தில் அது திரைக்கு வந்தது. எதிர்த்திசையிலும் நடக்கும். வருடக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து எழுதப்பட்ட நாவல் வரிசை, 2020-இல் 'பிகார்ட்' தொடர் வேறு பாதையில் போனதும் திரையோடு ஒட்டாமல் போயிற்று. 2021-இல் 'கோடா' என்ற மூன்று நாவல்களில் அந்த வரிசையை முறையாக முடித்துவைத்தார்கள். 2008 நாவலை எடுத்துக்கொண்டு 'பிகார்ட் தொடருக்கு முரணாக இருக்கிறது' என்று மதிப்பெண் குறைப்பவரை என்ன சொல்வது?

டாக்டர் ஹூவில் பிபிசி இப்படி ஒரு கோடே கிழிக்கவில்லை. 1995-இல் வந்த 'ஹ்யூமன் நேச்சர்' நாவலை 2007-இல் நாயகன் டாக்டரின் வேறோர் அவதாரத்தை வைத்துத் தொலைக்காட்சியிலேயே எடுத்தார்கள். இரண்டில் எது 'நடந்தது' என்பதை ரசிகர்கள் பேசிப் பொழுதுபோக்கலாம்.

சரிபார்க்க விக்கிகள் போதும். எந்த விக்கி எதை ஏற்கிறது என்பது மட்டும் தெரிய வேண்டும். ஸ்டார் வார்ஸ் விக்கியான வூக்கிபீடியாவில் ஒரே பாத்திரத்துக்குக் கேனன், லெஜண்ட்ஸ் என்று இரண்டு பக்கங்கள் உண்டு. எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார் ட்ரெக்குக்கு மெமரி ஆல்ஃபா திரையில் வந்ததற்கு, மெமரி பீட்டா நாவல், காமிக்ஸ், விளையாட்டுக்கு. விக்கியில் இருக்கும் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்துக்குப் போகாதீர்கள். வகையும் தேதியும் கால வரிசையும் தெரிந்தால் போதும், மூடிவிடலாம்.

எவ்வளவு முன்படிப்பு?

தனி நாவல் என்றால் அது நடக்கும் காலத்தை ஒட்டிய ஒரு படம், அல்லது இரண்டு மூன்று எபிசோடுகள். அதற்கு மேல் தேவைப்பட்டால் அதுவே மதிப்புரையில் சொல்ல வேண்டிய தகவல். மூன்று பாக நாவலின் இரண்டாம் பாகத்தை மட்டும் படித்துவிட்டு எழுதவே வேண்டாம். பெரிய வரிசைகளில் நுழைவாசல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். வார்ஹாமரின் 'ஹோரஸ் ஹெரெஸி' 2006-இல் தொடங்கி 54 புத்தகங்கள் ஓடியது. பிறகு டெர்ரா முற்றுகை என்ற தனி வரிசையாகத் தொடர்ந்து 2024-இல் முடிந்தது. அதில் முதல் மூன்றும் ஒரே கதையின் மூன்று பாகங்கள், அவற்றைப் படித்தால் அடித்தளம் கிடைத்துவிடும். முப்பதாவது புத்தகத்தில் குதிப்பவருக்குப் போர்க்களத்தில் யார் யாரை வெட்டுகிறார் என்பதே தெரியாது.

படிக்கும்போது

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில், முதல் 50 பக்கங்களுக்குள் விளக்கமில்லாமல் வந்துபோகும் பெயர்கள். வலப்பக்கத்தில், புத்தகமே விளக்கிய பெயர்கள். 50 பக்கம் முடிந்ததும் இடப்பக்கத்தில் உள்ளவற்றில் எத்தனை தெரியாமலேயே கதை புரிந்தது என்று பாருங்கள். அந்த உலகத்தில் நீங்கள் ஊறியவர் என்றால் உங்களுக்கு எல்லாமே புரியும். அதனால்தான் தாளில் எழுதச் சொல்கிறோம். புதியவருக்கு இந்தப் புத்தகம் ஒத்துவருமா என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் கிடைக்காது.

பிறகு மூன்று இடங்களைப் பக்க எண்ணோடு குறியுங்கள்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த பாத்திரம் பேசும் ஒரு பக்கம். பேசுபவரின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் படியுங்கள். யார் என்று தெரிகிறதா? இங்கே ஒரு பொறி இருக்கிறது. நடிகரின் குரல் நம் காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் சப்பையான வசனமும் நன்றாக ஒலிக்கும். சில எழுத்தாளர்கள் இதை நம்பியே காலம் தள்ளுகிறார்கள். ஸ்டார் ட்ரெக்கின் ஸ்பாக் வரும் நாவல் என்றால் அவர் எத்தனை முறை புருவத்தை உயர்த்துகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அத்தியாயத்துக்கு ஒரு முறை என்றால், எழுத்தாளர் நடிகரின் முகத்தைக் கடன் வாங்கி ஓட்டுகிறார் என்று தயங்காமல் எழுதலாம்.

இரண்டாவது, ஒரு சண்டைக் காட்சி. படித்து முடித்ததும் யார் எங்கே நின்றார்கள் என்று தாளில் வரைந்து பாருங்கள். வரைய முடியவில்லை என்றால் தவறு உங்களுடையது இல்லை. திரையில் நாற்பது விமானங்கள் ஒரே நேரத்தில் பறக்கலாம். பக்கத்தில் ஒருவர் கண் வழியாகத்தான் பார்க்க முடியும். இதை மறந்து படத்தின் வெட்டுகளை அப்படியே எழுத்தாக்கும்போது காட்சி நொறுங்கிவிடுகிறது.

மூன்றாவது, புதிதாக ஒன்று வரும் இடம். ஓர் ஊர், ஓர் அமைப்பு, ஒரு வழக்கம், ஓர் ஆள். ஸ்டார் வார்ஸ் பேரரசின் தலைநகரத்துக்குக் கோரஸான்ட் என்ற பெயரே 1991-இல் ஸானின் நாவலில் பிறந்ததுதான். 1999 படம் அதை எடுத்துக்கொண்டது. எல்லா நாவலும் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் 350 பக்கத்தில் புதிதாக ஒன்றுகூட இல்லை என்றால் அந்தப் புத்தகம் எதற்கு?

ஒலிப்புத்தகமாகக் கேட்பவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். ஸ்டார் வார்ஸ் ஒலிப்புத்தகங்களில் பின்னணி இசையும் ஒலி விளைவுகளும் இருக்கும். தொய்வான பத்தியை இசை தூக்கி நிறுத்திவிடும். பழைய ஒலிப்பதிவுகள் பல சுருக்கப்பட்டவை, முழுமையானதா என்று முன்கூட்டியே பாருங்கள். வெளியீட்டுக்கு முந்தைய பிரதி கிடைத்திருந்தால் அதிலிருந்து மேற்கோள் எடுக்க வேண்டாம். அச்சுக்குப் போகும்போது வரிகள் மாறும். மேற்கோள் வேண்டும் என்றால் வெளியான பிரதியோடு ஒப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

குறை சொல்வதென்றால்

இந்த வகை நாவல்களுக்கென்றே சில நோய்கள் உண்டு. ஒன்று, விக்கியைக் கொட்டுவது: ஒரு கப்பல் வந்து இறங்கினால் அதன் மாடல், தயாரித்த நிறுவனம், எஞ்சின் ரகம் எல்லாம் ஒரே வாக்கியத்தில். இன்னொன்று, தெரிந்த முகங்களைத் தலைகாட்டவிடுவது. இதற்குச் சோதனை எளிது: அந்தப் பாத்திரத்துக்குப் பதில் பெயரில்லாத ஓர் ஆளைப் போட்டுப் பாருங்கள். காட்சி நிற்கவில்லை என்றால் அது கைதட்டலுக்காக வைத்த காட்சி.

மூன்றாவது நோய்தான் பெரியது. நாயகர்களை எடுத்த இடத்தில் அப்படியே திருப்பி வைத்தாக வேண்டும், லைப்ரரிப் புத்தகம் மாதிரி. அடுத்த படத்தில் அவர்கள் வர வேண்டுமே! ஆகவே கேப்டன் சாகமாட்டார் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். தேர்ந்த எழுத்தாளர் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதில்தான் சுவை இருக்கிறது. ஆபத்தைத் தான் படைத்த துணைப் பாத்திரங்கள் மேல் நகர்த்துவார். அல்லது 'பிழைப்பாரா' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'எதைக் கொடுத்துப் பிழைப்பார்' என்று கேட்பார். ஹோரஸ் ஹெரெஸியில் ஹோரஸ் துரோகியாவான், கடைசியில் சக்கரவர்த்தி கையால் சாவான் என்பது முதல் புத்தகம் வருவதற்கு முன்பே விளையாட்டு விதிநூல் படித்த எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த முதல் நாவல் அவனை எல்லோரும் நேசிக்கும் தளபதியாகக் காட்டுவதில் நேரத்தைச் செலவிட்டது. முடிவு தெரிந்த கதையை 'யூகிக்க முடிந்தது' என்று குறை சொல்வது வெற்றுவேலை. போகும் வழி எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

மதிப்புரையின் வடிவம்

600 முதல் 900 சொற்கள் போதும். முதலில் தகவல்: நாவல், எழுத்தாளர், பதிப்பகம், வெளியான ஆண்டு, வகை, கால வரிசையில் எங்கே, கேனன் நிலை, நீங்கள் படித்த வடிவம். எழுத்தாளர் பெயரை விடாதீர்கள். உலகத்தின் பெயர் பெரிய எழுத்திலும் எழுதியவர் பெயர் பொடியிலும் அச்சாகும் துறை இது.

கதையைச் சொல்லும்போது முதல் கால்வாசியைத் தாண்டாதீர்கள். 360 பக்கம் என்றால் 90-ஆம் பக்கத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் பேசியே ஆக வேண்டும் என்றால் கடைசியில் தனிப்பகுதியாக, எச்சரிக்கையோடு. இங்கே இரண்டு விதமான ஸ்பாய்லர் இருப்பதை மறக்க வேண்டாம்: இந்த நாவலின் முடிவு ஒன்று, இதற்கு அடிப்படையான படத்தின் முடிவு இன்னொன்று. படத்தைப் பார்க்காமல் நாவலைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள்.

நடுப்பகுதிக்கு நீங்கள் குறித்த அந்த மூன்று இடங்களே சரக்கு. 'நடை விறுவிறுப்பு' என்று எழுதுவதைவிட அந்தச் சண்டைக் காட்சி ஏன் புரிந்தது, ஏன் புரியவில்லை என்று நான்கு வரி எழுதினால் படிப்பவர் தானே முடிவுசெய்துகொள்வார். தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன வேலை கூடுதல்: பாத்திரப் பெயர்களுக்கு எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ஒரே ஆள் ஒரு பத்தியில் த்ரான், அடுத்ததில் த்ரோன் என்றால் புதியவர் இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்வார்.

தீர்ப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஊறிய ரசிகருக்கு எப்படி, அந்த உலகமே தெரியாதவருக்கு எப்படி. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தால் இரு தரப்புக்கும் உதவாது.

கூடிப் பேசும்போது

நான்கைந்து பேர் சேர்ந்து படிப்பதாக இருந்தால் வாரம் 100 பக்கம், நான்கு வாரம். அந்தந்த வாரத்துப் பக்கத்துக்கு மேல் யாரும் பேசக்கூடாது. ஊறியவர் ஒருவரும் புதியவர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். புதியவர் முதலில் பேச வேண்டும். ரசிகர் முதலில் ஆரம்பித்தால் கேனன் சண்டை மூண்டு ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

'இது தகவல் பிழை', 'இது எனக்குப் பிடிக்கவில்லை' இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவிடாதீர்கள். 2015-இல் சக் வெண்டிக் எழுதிய 'ஆஃப்டர்மேத்' என்ற ஸ்டார் வார்ஸ் நாவல் வந்தபோது ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் குவிந்தன. பழைய நாவல்களைக் கேனனிலிருந்து எடுத்த கோபம், தன்பாலின ஈர்ப்புப் பாத்திரங்கள் மீதான எரிச்சல், நிகழ்காலத்தில் எழுதப்பட்ட துண்டு துண்டான நடை பிடிக்காதவர்களின் குறை எல்லாம் ஒரே குவியலில். இவற்றில் கடைசி ஒன்றுதான் எழுத்தைப் பற்றிய விமர்சனம். உருப்படியாகப் பேசியிருக்க வேண்டிய அது இரைச்சலில் கேட்கவே இல்லை.

எழுத்தாளரை நேரடியாகத் தொடர்புகொள்ள முடிந்தாலும் 'அடுத்த பாகத்தில் இப்படி வைக்கலாமே' என்று யோசனை அனுப்பாதீர்கள். பிறகு யாருடைய யோசனை என்ற சட்டச் சிக்கல் வரும் என்பதால் பலர் அப்படிப்பட்ட கடிதங்களைப் படிப்பதே இல்லை.

மதிப்புரை வெளியான பிறகு புதுப் படமோ தொடரோ வந்து நாவலைப் பொய்யாக்கினால் பழைய மதிப்புரையைத் திருத்தி எழுத வேண்டாம். என்ன மாறியது, எதனால் மாறியது என்று தேதியோடு மேலே ஒரு வரி சேர்த்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுங்கள்.